ஏழரை மில்லிமீற்றர்

விஜயதசமி காலையில் என் கணவர் பாலேந்திரா தோய்ந்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு, குசினித் துவாயில் சுற்றிய ஒரு ரிவோல்வரோடு சாமிப்படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சாரும், இதை எங்க வைக்கிறது?"

என் தலையில் வையுங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. நல்ல நாளும் அதுவுமாக வேண்டாமென்று விழுங்கிக்கொண்டு, கத்தரிக்கோலைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் எங்கள் சாமியறை என்பது வரவேற்பறை அலுமாரியின் நடுத்தட்டுத்தான். கார்த் திறப்புக் கொத்து, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் அடையாள அட்டை, மகள் சாரங்கி பள்ளிக்கூட நாளில் பாவித்த கல்குலேற்றர் எல்லாம் முதல் நாள் இரவே பூசைக்கு ஏறிவிட்டன. இந்தத் துவக்கு மட்டும் ஏறவில்லை. சட்டப்படி அது இரும்புப் பெட்டிக்கு வெளியே இருந்தால் அவருடைய கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஆகவே நான் தேவாரம் படித்து முடிக்கும் வரைக்கும் அவர் சரஸ்வதியைப் பார்க்காமல் ரிவோல்வரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரஸ்வதி பழகிய ஆள், கோபிக்கமாட்டா.

ஊரில் உள்ள ஆம்பிளைகள் முத்திரை சேர்ப்பார்கள், பழைய பாட்டுத் தட்டுச் சேர்ப்பார்கள். எனக்கு வாய்த்தவர் ரிவோல்வர் சேர்க்கிறவர். அதுவும் சின்னத் தோட்டா பாவிக்கிற ரிவோல்வர்கள். பெரிய தோட்டாத் துவக்கைச் சும்மா கொடுத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். உலகத்தில் எங்கோ நாலைந்துதான் மிஞ்சியிருக்கிறது, தோட்டா செய்கிற தொழிற்சாலையே எப்போதோ மூடிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. என் தாலிக்கொடி பூட்டில்லாத லாச்சியில் கிடக்கிறது. அவருடைய சாமான்கள் சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டியில், பொலிஸ் அனுமதியோடு, மகாராசா மாதிரி இருக்கின்றன.

இந்தக் கடைசி ரிவோல்வர் நோர்வேயில் அந்தக் காலத்து இராணுவ அதிகாரிகள் இடுப்பில் வைத்திருந்த வகையாம். அதன் அளவை அவர் முதல்முதல் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏழரை மில்லிமீற்றர்."

"உலகத்தில வேற அளவு கிடைக்கேல்லையோ? எல்லாரும் ஏழரை எப்ப விலகுமெண்டு கோயில் கோயிலாப் போகினம். நீங்கள் தேடிப்போய் வீட்டுக்குக் கொண்டு வாறியள்."

சிரித்தார். ஆனால் தேடுவதை விடவில்லை. ஒஸ்லோவுக்கு எழுதினார், கோத்தன்பேர்க்குக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். கடைசியில் பார்த்தால் அது எங்கள் மூக்குக்குக் கீழே, பிரெடெரிசியாவில், ஓய்வுபெற்ற ஒரு பல் வைத்தியரின் வீட்டில் இருந்தது. அந்த மனுசன் இவரிடம் பேரம் பேசவில்லையாம். கையில் கொடுத்து, இவர் அதை எப்படிப் பிடிக்கிறார் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி கொண்டுபோ என்றாராம். அதற்குத் தோட்டா எந்தக் கடையிலும் இல்லை. வேறொரு நீளமான தோட்டாவின் பித்தளைக் கோதை வாங்கி, கராஜில் இருந்து ஒவ்வொன்றாக நறுக்கி, அராவி, அளந்து, கோடை முழுவதும் அதே வேலையாக இருந்தார். நான் கராஜுக்குத் தேநீர் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே போகமாட்டேன்.

எனக்கு வெடிச்சத்தம் ஆகாது. பத்து வயதில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், ஒரு காலை அப்பா சந்திக்குப் பாண் வாங்கப் போனார். மூன்று வெடி கேட்டது. அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தி, ஆருக்கோ என்று சொன்னா. எங்களுக்குத்தான். அன்றைக்குப் பிறகு எந்தச் சத்தம் வெடித்தாலும் என் உடம்பு முதலில் அப்பாவைத் தேடும். புத்தி பிறகுதான் வந்து இது டென்மார்க் என்று சொல்லும். புதுவருட இரவுகளில் இந்தச் சனங்கள் வானத்தைக் கொளுத்தும்போது நான் குளியலறையில் உடுப்புக் கழுவும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்பேன். பாலேந்திரா வெளியே கதவோடு நின்று, ஒன்றும் நடவாத மாதிரி, நாளைக்கு என்ன கறி என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அதனால்தான் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் என்னைச் சுடும் கழகத்துக்குக் கூப்பிட்டதில்லை. சனிக்கிழமைகளில் போவார், வருவார், மணம் போகக் கை கழுவிவிட்டுத்தான் என் பக்கத்தில் இருப்பார். போன கிழமை சாப்பாட்டுக்கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்.

"விஜயதசமியண்டைக்கு முதல் வெடி வைக்கப்போறன். நல்லது தொடங்கிற நாள். நீரும் வந்தா..." பருப்பைப் பிசைந்தார்.

கோல்டிங்கில் இருக்கும் சாரங்கியிடம் போனில் சொன்னேன். அப்பா உங்களை டேட்டுக்குக் கூப்பிடுகிறார், போங்கோ என்று டெனிசில் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு.  மாட்டேன் என்று சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசமாட்டார் என்பதுதான் கரைச்சல். பேசுகிற மனுசனாக இருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். இவருக்கு என்னிடம் வேண்டியது இது ஒன்றுதான் என்று விளங்கியபிறகு எப்படி மாட்டேன் என்பது? வருகிறேன் என்றேன். கோப்பி குடிக்கிற அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இருப்பேன் என்றும் சொன்னேன்.

பூசையில் அந்த ரிவோல்வரை நான் முதல்முறையாகத் தொட்டேன். குளிர்ந்து கிடந்தது. காருக்கு வைப்பதுபோல நெற்றி எது என்று பார்த்தேன். பின்பக்கம் நிமிர்ந்து நின்ற சின்னச் சுத்தியல்தான் நெற்றி மாதிரி இருந்தது. சந்தனத்தைக் குழைத்து, என் பயத்துக்கும் சேர்த்து, தாராளமாக அப்பினேன். நடுவில் குங்குமம். பாலேந்திரா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துவாயை மடிக்கத் தொடங்கினார்.

கழகம் ஊருக்கு வெளியே, விளையாட்டு மண்டபத்தின் நிலக்கீழ்த்தளத்தில் இருந்தது. மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் ஹென்னிங் பாற்பண்ணையில் வேலை செய்து ஓய்ந்த பெரிய உருவம். என் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் வீட்டுக்காரர் எங்களை ஒரு வருடமாகக் காக்கவைத்துவிட்டார் என்று டெனிசில் சொன்னார். ஆறேழு கிழவர்கள் தங்கள் பயிற்சியை விட்டுவிட்டு இந்த ஒரு ரிவோல்வரைப் பார்க்க வந்திருந்தார்கள். கேக்கும் இருந்தது. என்னைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருத்திக் கோப்பி ஊற்றித் தந்தார்கள்.

பாலேந்திரா காதுமூடியைப் போட்டார். ஆறு தோட்டாவையும் இட்டார். கையை நீட்டினார். நான் கண்ணை இறுக மூடி, கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.  ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். அவர் அப்படியே நீட்டிய கையோடு நின்றார். விசையை அழுத்தியும் வெடிக்காத துவக்கை உடனே இறக்கக்கூடாதாம், பிந்தியும் வெடிக்குமாம். ஹென்னிங் பக்கத்தில் போய் நின்றார். பிறகு இறக்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தார்கள். இரண்டு தலைகளும் குனிந்தன. பாலேந்திரா ரிவோல்வரின் பின்பக்கத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மணந்து பார்த்தார். கண்ணாடிக்கூடாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சுத்தியலின் முள் போய் அடிக்கிற துவாரத்துக்குள் சந்தனம் வழிந்து காய்ந்து, சீமெந்து வைத்துப் பூசியதுபோல இறுகிக் கிடந்திருக்கிறது. வெளியில் வழிந்ததைத்தான் அவர் துடைத்திருக்கிறார்.

எழும்பி உள்ளே போனேன். வெட்கத்தில் காது சுட்டது.

"ஐயோ, நான் எல்லோ நாசமாக்கிப்போட்டன். நீங்கள் ஏன் வடிவாத் துடைக்கேல்லை?"

"நீர் வச்ச பொட்டு. எப்பிடி அழிக்கிறது?"

இதென்ன எண்ணெய், நல்ல வாசமாக இருக்கிறதே என்று ஹென்னிங் கேட்டார். இது எண்ணெய் இல்லை, என் மனைவியின் ஆசீர்வாதம், கொஞ்சம் கூடிப்போச்சு என்று பாலேந்திரா டெனிசில் சொல்ல, கிழவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பல் தீட்டும் பிரஷ் மாதிரி ஒன்றால் அந்தத் துவாரத்தைக் கிண்டிக் கிண்டிச் சந்தனப்பொடியை எடுத்தார். மேசையெல்லாம் மணத்தது. எல்லாம் சரியானதும் ரிவோல்வரைத் துவாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காணும், என்ன? வீட்டை போவம். நான் பிறகொரு நாள் வந்து சுடுறன்."

அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் கோப்பியறைக்குத் திரும்பிப் போயிருப்பேன். கோடை முழுவதும் பித்தளை அராவிய மனுசன், எனக்காக ஒரு நொடியில் துவாயைச் சுற்றப் பார்க்கிறார்.

"இல்லை. சுடுங்கோ. நான் இஞ்சயே நிக்கிறன்."

"சத்தம் கிட்டக் கேக்கும்."

"கேக்கட்டும். உங்களைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாப் பரவாயில்லை."

பின்னால் நின்றால் சரி என்று ஹென்னிங் தலையாட்டி, எனக்கும் ஒரு காதுமூடி மாட்டிவிட்டார். ஆறு தோட்டாவும் திரும்ப உள்ளே போயின. நான் பாலேந்திராவுக்குப் பின்னால் போய், அவருடைய முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, உள்ளங்கையை வைத்தேன். சட்டைக்குள்ளால் சூடு தெரிந்தது. அவர் கையை நீட்டினார்.

வெடித்தது.

என் உடம்பு வழக்கம்போலச் சந்திக்கு ஓடியது. அப்பா, பாண், அம்மாவின் ஊதுகுழல். ஆனால் இந்தமுறை கை ஒரு முதுகில் இருந்தபடியால் உடம்பு முழுதாகப் போய்விட முடியவில்லை. திரும்பி வந்தபோது ஏதோ நடுங்குவது தெரிந்தது. என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். இல்லை. முதுகு நடுங்கியது. மழையில் நனைந்த குழந்தையின் முதுகுபோல, மெல்ல, நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே அவருடைய இருதயம் என்னுடையதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்தைந்து வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன். பயம் என்னுடையது மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கறியைப் பற்றிக் கேட்டவர் ஏன் கதவோடு அப்படி ஒட்டி நின்றார் என்று ஒருநாளாவது யோசித்தேனா? என் காதுமூடியை ஒரு பக்கம் தூக்கினேன். அவருடையதையும் தூக்கினேன்.

"உங்களுக்குமோ?"

அவர் முன்னால் தொங்கிய இலக்குக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம். ஒவ்வொருக்காலும்."

"பின்னை என்னத்துக்கு வந்து வந்து சுடுறியள்?"

"இஞ்ச எப்ப வெடிக்குமெண்டு எனக்குத் தெரியுமெல்லோ," என்றார். "நான் அமத்தினாத்தானே வெடிக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பின்னால் நின்றபடியால் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. நான் கையை எடுக்கவில்லை. ரிவோல்வரைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இஞ்சாரும், இன்னும் அஞ்சு கிடக்கு. நீர் சொல்லும். சொன்னாப் பிறகுதான் சுடுவன்."

இரண்டு காதுமூடியையும் இறக்கிவிட்டேன். அவர் கை மெதுவாக உயர்ந்தது. முதுகு என் உள்ளங்கைக்குள் மூச்சை இழுத்து, அப்படியே வைத்துக்கொண்டு நின்றது.  எனக்கு அவசரப்பட மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹென்னிங் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். அந்த மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் நான் எப்போது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.