ரேடியோ அத்தையின் இன்டர்ன்ஷிப்

கம்பாலாவில் இதழியல் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷத்தில் எங்காவது போய் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். இது பல்கலைக்கழக விதி. அதை உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் விதி போடவில்லை. நகாயிசாவின் தோழி ஒருத்தி அமைச்சக அலுவலகத்தில் சேர்ந்து, வாசலில் நின்று படம் எடுத்துப் போட்டதோடு சரி. இன்னொருத்தி டெலிபோன் கம்பெனியில் நாள் முழுக்க ஏசிக் காற்று வாங்கினாள். நகாயிசாவுக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம். நிஜமான வேலை வேண்டும், செய்தி வாசிக்க வேண்டும்.

அலைந்து திரிந்து ஒரு வானொலி நிலையத்தில் இடம் பிடித்தாள். மேலாளர் கத்தெரேகா அவளை வாயார வரவேற்றார். வரவேற்றுவிட்டு, எதிர்க்கடையில் முட்டைச் சப்பாத்தி வாங்கிவர அனுப்பினார். மறுநாளும் அதே வேலைதான். அந்த வாரம் பூராவும் அவள் நாடு அறிய வேண்டிய ஒரு செய்தியையும் தொடவில்லை. யாருக்கு மிளகாய் ஆகாது என்பது மட்டும் அத்துப்படி ஆயிற்று.

நிலையத்துக்குச் சோறு போட்டது செய்தி அல்ல, அத்தை. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அப்பாவின் தங்கை வந்து தனியே உட்கார வைத்து, குடித்தனம் நடத்தும் சூட்சுமமெல்லாம் சொல்லித் தருவது அந்த ஊர் வழக்கம். பட்டணத்தில் சொந்த அத்தை கிடைக்காதவர்களுக்கு ரேடியோ அத்தை. சாயங்காலமானால் மினிபஸ் டிரைவர்கூடப் பாட்டை நிறுத்திவிட்டு அவளைக் கேட்பான். ஒரு சோப்புக் கம்பெனி அந்த நிகழ்ச்சிக்குப் பணத்தைக் கொட்டியது.

அந்த அத்தை தன் மகளின் பிரசவத்துக்கு லண்டன் போனாள். போனவளுக்கு லண்டன் பிடித்துவிட்டது. இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். கத்தெரேகா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, டீ போடும் அறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. அதே கரகரப்பு, அதே இருமல். பாய்ந்து போய்ப் பார்த்தால், நகாயிசா சப்பாத்திப் பொட்டலத்தோடு நின்று பையன்களுக்கு அத்தையைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அவளை மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, தெரியுதா? கல்யாணமே ஆகாத சின்னப் பொண்ணு ஊருக்குக் குடித்தனம் சொல்லித் தர்றான்னு தெரிஞ்சா, சோப்புக்காரன் ஓடிடுவான். அவன் பின்னாடி நானும் ஓடணும்."

"சம்பளம் ஏதாவது, ஐயா?"

"இன்டர்னுக்கு ஏதும்மா சம்பளம்? அனுபவம் கிடைக்குதுல்ல!"

அனுபவம் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. "பொண்டாட்டி மத்தோக்கே வாழைக்காயை வேகவைக்காமலே தட்டுல வெக்கிறா, அத்தை" என்று போனில் ஒருவன் அழுதான். "நல்லா வெந்திருந்த அன்னிக்கு நீ என்னைக்காவது நல்லா இருக்குன்னு சொன்னியாடா?" என்றாள் அத்தை. கேட்டுக்கொண்டிருந்த ஊர் சிரித்தது. நகாயிசாவுக்குக் காதலன்கூடக் கிடையாது. ஆனாலும் எதிராளி சொல்வதைக் கடைசிவரை கேட்டாள், பாதி நோய் அதிலேயே தீர்ந்தது. தோழிகளில் யாருக்கும் வாய்க்காத வேலை தனக்கு வாய்த்ததென்று அவள் பூரித்துப் போனாள். ஒருத்தரிடமும் சொல்ல முடியவில்லையே என்பதுதான் குறை.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் செபோவா மதிப்பெண் போட வந்து சேர்ந்தார். அவள் தேறவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் பட்டம் கிடையாது. இன்டர்ன்ஷிப்பை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

"இங்க என்னம்மா கத்துக்கிட்ட?" என்று கேட்டார், வரவேற்பு மேஜைமுன் உட்கார்ந்து.

நகாயிசா கத்தெரேகாவைப் பார்த்தாள். கத்தெரேகா சுவரைப் பார்த்தார்.

"எல்லாருக்கும்... உதவியா இருந்தேன், ஐயா."

"உதவின்னா?"

"சாப்பாடு வாங்கிட்டு வருவேன்."

செபோவா பேனாவை மூடிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் தாம் மழையில் நடந்து செய்தி சேகரித்தது, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் சோம்பல், எல்லாம் வந்தது. "அந்த அத்தை இருக்கிற கட்டடத்துல இருந்துக்கிட்டு சப்பாத்தி வாங்கியிருக்கியே! எங்க வீட்டுல சண்டை நின்னதே அவங்க புண்ணியத்துலதான். அவங்க காலடியில உக்காந்திருந்தா ஒரு வித்தை கத்துக்கிட்டிருக்கலாமே?" கடைசியில் மனசு கொஞ்சம் இளகியது. "சரி, அத்தையைக் கேக்கறேன். இந்தப் பொண்ணு தேறுவான்னு அவங்க வாயால சொன்னா பாஸ் போடறேன். வேற யார் சொன்னாலும் நம்பமாட்டேன்."

"ஆம்பளைங்க முன்னால அத்தை வரமாட்டாங்க," என்றார் கத்தெரேகா அவசரமாக. "போன்ல பேசலாம். நகாயிசா, அத்தைக்கு டீ கொண்டு போ."

அவள் டீயோடு ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே போன் அடித்தது. ஊரில் எல்லோருக்கும் நியாயம் சொன்னவள் இப்போது தனக்கே நியாயம் சொல்லப் போனை எடுத்தாள். டீயை ஒரு மடக்குக் குடித்தாள், இருமினாள்.

"நல்ல பொண்ணு, தேறுவா மகனே. ஆனா நீ பேசிட்டே இருந்தா அவ எப்படிப் பேசுவா?"

வெளியே செபோவா வாய்விட்டுச் சிரித்தார். "என் வீட்டுக்காரி சொல்றதும் இதேதான், அத்தை!" என்றவர் பாஸ் போட்டுக் கையெழுத்தும் போட்டார். காலிக் கோப்பையோடு வந்தவளைப் பார்த்ததும் முகம் மறுபடி கடுகடுவென்று ஆயிற்று.

"உனக்குப் பிச்சை போட்டது அத்தை. உள்ள போய் மண்டி போட்டு நன்றி சொல்லிட்டு வா. எனக்குக் கேக்கணும், கதவைச் சாத்தாதே."

கதவு ஒருக்களித்திருக்க, நகாயிசா உள்ளே போனாள். காலி நாற்காலியின் முன் மண்டியிட்டாள். சிரிப்புத்தான் வரும் என்று நினைத்திருந்தாள், அழுகை வந்தது.

"நன்றி, அத்தை," என்றாள் தன் குரலில்.

வெளியே செபோவா பதிலுக்குக் காது கொடுத்துக் காத்திருந்தார். பதில் வந்தாக வேண்டுமே. அவள் தொண்டையைச் செருமினாள்.

"எந்திரி மகளே. மார்க் வந்தாச்சுல்ல? கூலி குடுக்காத வீட்டுல, உன் பேரைச் சொல்லக் கூசற வீட்டுல, ஒரு நாள்கூட இருக்காதே. இன்னிக்கே கெளம்பு."

கத்தெரேகாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அன்று சாயங்கால நிகழ்ச்சிக்குச் சோப்புக் கம்பெனி முதலாளியே வருவதாக இருந்தது.

"ஐயா, அது வந்து... அத்தை ஏதோ கோபத்துல..." என்று ஆரம்பித்தார்.

செபோவா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அத்தையே சொன்னப்புறம் நீங்க யாருங்க தடுக்க? வாம்மா, என் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுடறேன்."