அமரர் அய்யாவு நினைவாக

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால். ஹேமநாதன் சாமிப்படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்து கணினி முன் உட்கார்ந்தான்.

ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடி அவன் அலுவலகம். சின்னச் சின்ன வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பான். வெள்ளிக்கிழமை தோறும் அவை தேடுபொறியில் இருக்கின்றனவா என்று பார்ப்பான். தேடும் இடத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, தளத்தின் முகவரியைப் போட்டால் போதும். தேடுபொறி எடுத்து வைத்திருக்கும் பக்கங்கள் வரிசையாக வரும். வராவிட்டால் வாடிக்கையாளர்கள் ஏசுவார்கள்.

ஒரு தளம் மட்டும் வரவே கூடாது.

அது கெலாங் பாத்தாவில் பிரேமலா அக்கா நடத்தும் இல்லத்தின் தளம். புருஷனின் அடி தாங்காமல் ஓடி வந்த பெண்கள் அங்கே இருந்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தளம் அன்னதானம் கொடுப்பவர்களுக்கு மட்டும். இணைப்பு வாட்ஸ்அப்பில் போகும். சாப்பாடு கொண்டு வருபவர் கேட்டுக்கு வெளியே நின்று, யார் பேரில் கொண்டு வந்தார் என்று சொல்ல வேண்டும். பேர் சரியாக இருந்தால்தான் சமையல்கட்டுப் பேச்சியம்மாள் பூட்டைத் திறப்பாள். பிரேமலா அக்கா வைத்த சட்டம் அது.

போன வாரம் திருச்செல்வம் படியேறி வந்தார். போன மாதம் அப்பா அய்யாவுவின் திதிக்கு இல்லத்தில் சாப்பாடு போட்டவர்.

"என்னப்பா, எங்கப்பா பேர அடிச்சா ஒண்ணுமே வரலியே. சிங்கப்பூர்ல பேரப்பிள்ளைங்க கேக்குதுங்க. செத்த மனுசனையும் ஒளிச்சு வைப்பீங்களா?"

"அக்கா வேணாங்கிறாங்க ஐயா."

"அவங்க எல்லாத்துக்கும் வேணாம்னுதான் சொல்லுவாங்க. அதுல அட்ரஸா இருக்கு? ஒரு பக்கம் லா. ஒரே ஒரு பக்கம்."

ஹேமநாதன் யோசித்தான். பக்கத்தில் முகவரி இல்லை. படத்தில் இருந்த பெண்களின் முகங்களை அவனே மறைத்திருந்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தேடுபொறிக்குத் திறந்துவிட்டான். அக்காவிடம் சொல்லவில்லை.

இப்போது இல்லத்தின் தள முகவரியைத் தேடும் இடத்தில் அடித்தான். ஒரு வரி வந்தது.

'அமரர் அய்யாவு நினைவாக அன்னதானம். பெண்கள் இல்லம், ஜொகூர்.'

பக்கத்தைத் திறந்தான். வாழையிலை, சாம்பார், பாயசம். முகம் மறைத்த பெண்கள். அவர்களுக்குப் பின்னால் கேட். கேட்டுக்கு அப்பால், சாலையின் எதிர்ப்பக்கத்தில், ஒரு டயர் கடையின் பலகை. கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. முகங்களை மறைத்த நாளில் அதை அவன் பார்க்கவில்லை.

தளத்துக்கு வந்துபோனவர்களின் விவரத்தைத் திறந்தான். நேற்று முதல் ஒரே கைப்பேசி. தேடுபொறி வழியாக வந்திருந்தது. படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்திருந்தது. ஊர் செடெனாக் என்று காட்டியது. ஊர்க்கணிப்பை நம்ப முடியாது. இருந்தாலும் திருச்செல்வத்தை அழைத்தான்.

"ஐயா, அப்பா பக்கத்தப் பாத்தீங்களா?"

"வந்துருச்சா? அலமாக், சொல்லவே இல்லியே! நான் இன்னும் தேடல."

"செடெனாக்ல உங்க சொந்தக்காரங்க யாராச்சும்?"

"அங்க யாரு இருக்கா? நம்மாளுங்க எல்லாம் சிங்கப்பூர். ஏம்ப்பா?"

ஹேமநாதன் அழைப்பைத் துண்டித்தான்.

செடெனாக்கிலிருந்து இல்லத்துக்கு வந்தவள் சாந்தினி. இடது கை எலும்பு முறிந்து, மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ஒவ்வொரு கோயிலாகப் போய், கைப்பேசியில் அவள் படத்தைக் காட்டி விசாரிக்கிறான் என்று பிரேமலா அக்கா சொல்லியிருந்தார். கிடைத்தால் இந்த முறை கையை முறிப்பதோடு விடமாட்டான் என்றும் சொல்லியிருந்தார்.

பக்கத்தைத் தளத்திலிருந்து எடுத்தான். தேடுபொறியிலிருந்தும் நீக்கச் சொல்லி விண்ணப்பித்தான். மறுபடி தேடினான். வரி அப்படியே இருந்தது.

பிரேமலா அக்காவுக்குப் போன் அடித்தான். சிங்கப்பூர் வேலை முடிந்து இந்நேரம் எல்லை தாண்டும் இரண்டாம் பாலத்து நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை.

கீழே கடையில் யாரோ சிரித்தார்கள். ஊதுபத்தி பாதி எரிந்திருந்தது.

இல்லத்துக்கு அடித்தான். மணி நெடுநேரம் போனது. சாந்தினிதான் எடுத்தாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"ஹேமா அண்ணனா? இப்பத்தான் உங்கள நெனச்சேன். உங்க திருச்செல்வம் ஐயாவுக்கு என்ன ஆச்சு?"

"சாந்தினி, நான் சொல்றதக் கேளு..."

"இருங்கண்ணே, இதக் கேளுங்க. வாசல்ல ஒருத்தர் வேன்ல சாப்பாடு கொண்டாந்திருக்காராம். யார் பேருலன்னு பேச்சியக்கா கேட்டா, அமரர் அய்யாவுங்கிறாராம். அவரு திதி போன மாசமே முடிஞ்சிருச்சு. அதுவும் என்ன சாப்பாடு தெரியுமா? கோழி பிரியாணி! திதிக்கு யாராச்சும் கோழி போடுவாங்களா? பேரு சரியாத்தானே சொல்றாருன்னு பேச்சியக்கா சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அண்ணே, நீங்கதானே அனுப்புனீங்க?"