இல்லாத ஆளுக்கு முக்காடு

கட்டிலைத் திருப்பி வைத்து, சக்கரங்களைக் காலால் மிதித்துப் பூட்டிய பிறகுதான் அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சிலுவை இருந்தது. முழ உயரத்துக்குக் கறுத்த மரம், அதில் வெளிறிய சின்ன உருவம், தலை ஒரு தோளில் சாய்ந்து கிடந்தது. இத்தனை நாளும் அது அவளைப் பெற்ற அத்தாவின் தலைமாட்டுக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. இப்போது கண்ணைத் திறந்தால் முதலில் அதுதான் தெரியும்.

கட்டிலைத் திருப்பச் சொன்னது அண்ணன். வெளிநாட்டிலிருந்து விடியற்காலையிலேயே போன் செய்து, அத்தாவின் முகம் மக்கா இருக்கும் கிப்லா திசையைப் பார்த்து இருக்க வேண்டும், இனி ஒரு நிமிடமும் தாமதிக்காதே என்றான். அவளும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரைக் கெஞ்சிக் கூத்தாடி, மருந்துக் கம்பி, மூத்திரப் பை எல்லாவற்றையும் இழுத்து, திசை பார்த்துச் சரியாக வைத்தாள். ஒன்றை நேராக்கப் போய் இன்னொன்று கோணிக்கொண்டது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் கிப்லாவும் சிலுவையும் ஒரே சுவரில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

அண்ணனிடம் போனில் சொன்னாள். கழற்ற முடியாதா என்றான். திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறது என்றாள். அப்படியானால் மூடு என்றான். நாளைக்குத்தான் அவனுக்கு விமானம். தூரத்தில் இருப்பவனுக்கு யோசனை சொல்ல என்ன கஷ்டம்? ஸ்டூலில் ஏறுவது அவள்தானே.

தொழுகைக்காகக் கொண்டுவந்திருந்த வெள்ளைத் துப்பட்டாவை எடுத்தாள். ஸ்டூல் ஆடியது. இறங்கிப் பார்த்தபோது சுவரில் யாரோ தலை குனிந்து நிற்பது போலிருந்தது.

அத்தா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் அவரை 'லிஃப்ட் பாய்' என்றுதான் தெரியும். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லுவாள். இந்த அறையில் சேர்த்த முதல் நாளே, தாழ்வாரத்துக் கோடியில் ஓடும் லிஃப்ட்டின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கயிறு எண்ணெய் கேட்கிறது என்று நர்ஸிடம் புகார் செய்தார். அவருக்குப் பிடிக்காத ஆள் உலகத்தில் ஒருவன்தான்: பட்டனை இரண்டாவது முறை அழுத்துகிறவன். ஒரு தடவை அழுத்தினால் போதும், அது வரும், மறுபடி அழுத்துகிறவன் நம்பிக்கை இல்லாதவன் என்று தெரியாத ஆட்களையே திட்டுவார். சின்ன வயதில் அவள் அதற்காகக் குட்டு வாங்கியிருக்கிறாள்.

அவளுக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அத்தா போகும்போது வாயில், அல்லாவைத் தவிர இறைவன் இல்லை என்ற கலிமா இருக்க வேண்டும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று இருந்த ஒரே மனிதர். அந்த மனிதரைச் சரியாக வழியனுப்பிவிட்டால் போதும். கண் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து மரத்துப்போன விரல்களால் பஞ்சை நனைத்து அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே, காதருகே மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வந்தாள். ஓய்வு பெறப்போகிற வயது. சுவரைப் பார்த்தாள். கை ஒரு கணம் நின்றது, பிறகு மருந்துப் பையை மாற்றத் தொடங்கியது. ஏதாவது கேட்டாலாவது பதில் சொல்லிவிடலாம். கேட்காததுதான் தாங்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர்," என்றாள் அவளே. "அத்தாவுக்காகத்தான்."

"நான் ஒண்ணும் நினைக்கலம்மா. இந்த ரூம்ல படுத்தவங்க நிறைய பேரு அதையே பாத்துட்டு இருப்பாங்க. நம்மள மாதிரி இவருக்கும் வலிச்சிருக்கேன்னு. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் பாத்துட்டே போனாரு."

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். "உங்க இயேசு எங்களுக்கு ஈசா நபி. அவருக்குச் சிலுவையில அது நடக்கல சிஸ்டர். பாத்தவங்களுக்கு அப்படித் தோணிச்சு, அவ்வளவுதான். அல்லா அவரத் தன்கிட்ட தூக்கிக்கிட்டான்."

நர்ஸ் சொட்டுகளை எண்ணி, திருகை ஒரு சுற்றுக் குறைத்தாள்.

"நடக்காம இருந்திருந்தா எனக்கும் சந்தோஷம்தாம்மா," என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

மதியத்துக்குப் பிறகு அத்தா கண்ணைத் திறந்தார். வலி வந்து போன முகம், வேர்த்திருந்தது. வெகுநேரம் சுவரையே பார்த்தார். அவள் குனிந்து, கலிமா சொல்லுங்கத்தா என்றாள். அவர் வேறு ஏதோ கணக்கில் இருந்தார்.

"என்னம்மா அது?"

"சிலுவைத்தா. மூடி வச்சிருக்கேன்."

"அவரு அதுல இல்லவே இல்லன்னுதானே நாம சொல்றோம்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "இல்லாத ஆளுக்கு எதுக்கும்மா முக்காடு?"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாகப்போகிற நேரத்திலும் இந்த வாய். ஆனால் அதைக் கேட்டதும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"அவர மட்டும் ஒரு முள்ளு படாம தூக்கிக்கிட்டானே. உங்கள ஏன்த்தா இப்படிக் கிடக்க விட்டிருக்கான்?"

கேட்ட பிறகு பயந்துபோனாள். கலிமா சொல்லித்தர வந்தவள் கேட்கிற கேள்வியா இது. அத்தா கோபப்படவில்லை. அவள் கையைத் தேடிப் பிடித்தார். ஆயுள் முழுக்கக் கிரீஸில் கிடந்த அந்தக் கையில் இப்போது மருந்து வாடை மட்டும்தான்.

"விட்டுட மாட்டாம்மா. அவர விடல இல்ல? நான் கீழ் மாடியில நிக்கிறேன். பட்டன் அழுத்தியாச்சு. வரும்."

அதன் பிறகு பேச்சு இல்லை. அவள் விடாமல் கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் கட்டும்வரை சொன்னாள். வெளியே யாரோ குழந்தையை அதட்டிக்கொண்டு போனார்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. ஒருமுறை அவர் உதடு அசைந்தது. காதை ஒட்டி வைத்தாள். சூடான காற்று மட்டும் பட்டது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. மணியை அழுத்தினாள்.

நர்ஸ் நாடி பார்த்தாள், கண் இமைகளை இரண்டு விரலால் மூடினாள். வாய் திறந்தபடியே இருந்தது. தாடையைக் கட்ட வேண்டும், பேண்டேஜ் எடுத்துவருகிறேன் என்று திரும்பினாள்.

"வேண்டாம் சிஸ்டர்."

அவள் ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டாள். ஏறும்போது அது ஆடியது. பிறகு ஆடவில்லை, குனிந்து பார்த்தபோது நர்ஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை எடுத்தாள். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. செதுக்கியவன் வாயைக் கொஞ்சம் திறந்தே விட்டிருந்தான்.

இறங்கி, துணியை நீளவாக்கில் மடித்து, தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். முதல் முடிச்சு நழுவியது. நர்ஸ் முடிச்சின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொள்ள, இரண்டாவது நின்றது. காதோரம் பிதுங்கிய நரைமுடியை உள்ளே தள்ளினாள். முக்காடு போட்ட அத்தா யாரோ போலிருந்தார்.

அண்ணன் போனில் கொஞ்ச நேரம் அழுதான். பிறகு அவள் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டான்.

"கலிமா சொன்னாங்களா?"

"உதடு அசைஞ்சுச்சுண்ணே."

"சத்தம் வந்துச்சா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். சரி, வீட்டைத் திறந்து வைக்க ஆள் சொல்லு, என்று அவனே முடித்துக்கொண்டான். திறந்து வைக்க யாரும் இல்லை. சாவி அவளிடம்தான் இருந்தது.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வந்து, காலையில் திருப்பிய அதே கட்டிலிலிருந்து அத்தாவைத் தூக்கி மாற்றினார். அவள் பிளாஸ்க், தட்டு, செருப்பு, எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தாள். நர்ஸ் தாழ்வாரத்தின் பாதிவரை கூட வந்தாள். அடுத்த அறையில் மணி அடிக்கவே அவள் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றார்கள். தள்ளுகிறவர் பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கோ மேல் மாடியில் கயிறு முனகும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் கையை நீட்டி, பட்டனை இன்னொரு முறை அழுத்தினாள்.

யாரும் திட்டவில்லை.