இரண்டு இடத்துச் சதை

…இந்தக் கருவி நிற்கும்வரை உட்காரலாம், கால் கெஞ்சுகிறது, ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, அதனால் ஆய்வுக்கூட மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள், சுழலும் கருவியின் உறுமல் பல் வரைக்கும் ஏறியது. உள்ளே சின்னச் சின்னக் குழாய்களில் யார் யாருடைய வயிற்றிலிருந்தோ வெட்டியெடுத்த சதை, ஒவ்வொருத்தியிடமிருந்தும் ஜோடியாக, ஒன்று சினைப்பையிலிருந்து, இன்னொன்று குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையிலிருந்து, புற்று பிறந்த இடமும் பரவிப்போன இடமும். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அது பெரிய நிம்மதி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்… இதில் அக்காவுடையதும் இருக்குமோ? இருக்கலாம், அக்காவுக்கு அறுவை நடந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் இவையெல்லாம் வருகின்றன, தேடிப் பார்க்கக் கூடாது, பார்க்கவும் மாட்டாள், பார்த்து என்ன ஆகப்போகிறது, பரவிவிட்டது என்பதுதான் தெரியுமே. தெரியாதது அக்காவுக்கு மட்டும். கட்டியை எடுத்தாச்சு, மருந்து ஏற்றினால் சரியாகிவிடும் என்று அத்தான் சொல்லிவைத்திருக்கிறார், டாக்டர்களையெல்லாம் தனித்தனியாகப் பார்த்து வாயைக் கட்டியிருக்கிறார், நீயும் மூச்சு விடாதே என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவு பெரிய மனுஷர் அழுதால் என்ன செய்வது, தலையாட்டிவிட்டாள். தலையாட்டுவது சுலபம், அதற்கப்புறம் தினம் போனில் ஒன்றுமே நடக்காத மாதிரிப் பேசுவதுதான் ஆளைத் தின்கிறது.

இரண்டு சதையிலும் கிட்டத்தட்ட அதே மரபணுக்கள்தான், எது பேசுகிறது எது வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசமெல்லாம். பிறந்த இடத்தை விட்டுக் கிளம்ப நினைக்கிற புற்றுச் செல், பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொள்ள வைக்கும் மரபணுக்களை முதலில் அடக்கிவிடுகிறது, வயிற்று நீரில் மிதந்து போகிறது, கொழுப்பில் போய் இறங்கியதும் அதுவரை சும்மா கிடந்தவை விழித்துக்கொள்கின்றன, கொழுப்பைத் தின்னக் கற்றுக்கொள்கிறது, புகுந்த வீட்டுச் சாப்பாடு பழகிக்கொண்ட பெண் மாதிரி என்று ஒருமுறை கூட்டத்தில் சொல்லிச் சிரிப்புகூட வாங்கினாள், இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பேசுகிற மரபணு சிவப்பு, அடங்கியது நீலம் என்று எத்தனை படங்கள், எத்தனை கட்டுரைகள், எதுவாவது அக்காவின் வாந்தியை ஒரு வேளை நிறுத்துமா… அலுப்பாக இருந்தது, தூங்கினால் போகிற அலுப்பு இல்லை. போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றி எடுத்தாள், அக்காதான், இதோ, குரலைச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஒரு சிரிப்பைத் தயார் பண்ண வேண்டும்.

“சாப்பிட்டியா சின்னு?” எப்போதும் இதுதான் முதலில், தனக்கு ஒரு வாய் இறங்கியதா என்று சொல்ல மாட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள், பொய்க்கா பஞ்சம். “எங்கிட்ட எடுத்த சதை உன் கைக்கு வந்துச்சா?” எது என்று கேட்டாள். “அதான், ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க ஆராய்ச்சிக்குன்னு அந்த நர்ஸ் பொறுமையா உக்காந்து சொன்னாளே. பரவியிருந்தா மட்டும்தான் எடுப்போம், ரெண்டு இடத்துலயும் எடுப்போம்னு. மயக்கம் தெளிஞ்சப்பறம் வந்து, ரெண்டும் எடுத்தாச்சும்மா, ரொம்ப நன்றின்னு சொல்லிட்டும் போனா.”

அந்த வார்த்தைகளை நர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தான். புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும், எடுத்த பிறகும் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் உடம்பு, அவர்களுக்குத் தெரியாமல் எடுக்க நாம் யார் என்று தலைமை டாக்டரிடம் மல்லுக்கு நின்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள், அக்கா அந்த ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தபோது அக்காவையும் கேட்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? மற்றவர்களெல்லாம் எண்கள், அக்கா அக்கா, அதனாலா? அப்படியானால் பரவிவிட்டது என்று அக்காவுக்கு அறுவை முடிந்த அன்றிலிருந்தே தெரியும், இத்தனை வாரமும் தெரிந்துகொண்டே, வலியெல்லாம் குறைஞ்சிடுச்சு, முடி கொட்டினதுல சீப்பு மிச்சம் என்று சிரித்துக்கொண்டு… “அத்தான்கிட்ட சொல்லிடாதே, பாவம், தாங்க மாட்டார். உன்கிட்டகூடச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீ தினம் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிக்கிறே, கேக்க முடியல.” கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, கூடவே வெட்கங்கெட்ட ஓர் ஆறுதலும் வந்தது, இனி நடிக்க வேண்டாம்.

“ஒண்ணு சொல்லு. வேற இடத்துக்குப் போனா அது மாறிடும்னு சொல்லுவியே, எனக்கு ஏத்தற மருந்து எதுக்கு, பழசுக்கா, மாறினதுக்கா?” கருவி நின்றுவிட்டிருந்தது, அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், சில மரபணுக்கள், சில நேரங்களில், என்று இழுத்துக்கொண்டே போகலாம், கூட்டத்தில் அப்படித்தான் இழுப்பாள். “ரெண்டுக்கும்தான் தர்றாங்கக்கா. மாறினது மருந்துக்கு எவ்வளவு கேக்கும்னு தெரியல. யாருக்குமே இன்னும் சரியாத் தெரியல.” “சரி, தெரிஞ்சா எங்கிட்டச் சொல்லு” என்றாள் அக்கா, போய்ச் சாப்பிடு என்றாள், வைத்துவிட்டாள்.

சொல்கிறேன் என்றுதான் அவளும் சொல்லியிருந்தாள். அது தெரிய எத்தனை வருஷம் ஆகும் என்று அக்கா கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் இல்லை, தெரிந்தேதான் கேட்காமல் விட்டாள் என்பது போனைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது.