பத்து நாற்பதுக்குச் சூடு

வீட்டை ஒட்டிய கார் ஷெட்டின் இரண்டு கதவுகளையும் மெக்கானிக் விரியத் திறந்து, காற்றுக்கு ஆடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தான். அதன் பிறகே காரின் சாவியைத் திருப்பினான். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற மருமகள் எஞ்சின் சத்தம் கேட்டதும் ஓரடி பின்னால் போனாள். நேற்றுக் காலை அந்தக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டவள் அவள்தான். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மாமனார் முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். கையில் திருப்புளி கிடைத்தால் வீட்டில் எதையும் விட்டுவைக்க மாட்டார். திரும்ப மூடும்போது இரண்டு திருகாணி மிஞ்சும்; கேட்டால், கம்பெனிக்காரன் அதிகமாகப் போட்டுவிட்டான் என்பார். கார் ஹீட்டரில் ஒரு நேரம் சூடாகவும் ஒரு நேரம் ஜில்லென்றும் காற்று வருகிறது, பாப்பாவுக்கு இருமல் நின்றபாடில்லை என்று மருமகள் முந்தாநாள் அலுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாள் பத்து மணிக்கெல்லாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

ஷெட்டை ஒட்டித்தான் பாப்பா தூங்கும் அறை. பத்தே காலுக்கு மருந்து கொடுத்து, இருமி ஓய்ந்து அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தைக்கு எஞ்சின் உறுமலில் உடம்பு தூக்கிப் போட்டது. அவள் எழுந்து போய், "மாமா, கதவைச் சாத்திக்கறேன். பாப்பா முழிச்சுக்கறா" என்றாள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தவர் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார். சாத்திக்கொள் என்று ஆட்டினாரா, சாத்தாதே என்று ஆட்டினாரா? இரவெல்லாம் அந்தக் கை அவள் கண்ணுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது. சாத்திவிட்டு வந்து பாப்பாவை அணைத்துக்கொண்டு தானும் தூங்கிப்போனாள். கடையிலிருந்து திரும்பிய மாமியார் போட்ட கூச்சலில்தான் எழுந்தாள்.

இப்போது வீட்டுக்குள், விசாரிக்க வந்திருந்த போலீஸ்காரர் ஒரு காலண்டர் தாளை அவளிடம் திருப்பிப் பிடித்தார். "இது உங்க மாமனார் எழுதினதுதானே?"

அவர் எழுத்துதான். ரேடியோவுக்கு எழுதி வைப்பது போலவே நேரம் போட்டு எழுதியிருந்தார்.

10.05 வேகம் கூட்டினால் சூடு.
10.11 விட்டால் குளிர்.
10.24 சூடு.
10.33 குளிர்.
10.40 சூடு. தலைவலி.

கடைசி மூன்று வரியும் அவள் கதவைச் சாத்திய பிறகு எழுதியவை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருக்குங்க. வண்டி வேகமா ஓடினா இருக்கற தண்ணி ஹீட்டருக்கு வரும். நின்னா வராது. ஒன்றரை லிட்டர் ஊத்தினேன். இப்ப ஒரே சீரா சூடு வருது."

"அவ்வளவுதானா?" என்றான் பக்கத்தில் நின்ற அவள் கணவன்.

"அவ்வளவுதாங்க." மெக்கானிக் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

போலீஸ்காரர் பேனாவை மூடவில்லை. "ஒண்ணுதான் இடிக்குது. மூடின ஷெட்டுக்குள்ள வண்டிப் புகையிலதான் அவர் உயிர் போயிருக்கு. அந்தக் கதவு தானா மூடி நிக்காது. கொக்கி வெளியில இருக்கு. யார் போட்டது?"

மருமகள் பாப்பாவை மறுதோளுக்கு மாற்றினாள். சொன்னால் கணவன் என்ன செய்வான்? தன்னைக் கூட்டிக்கொண்டு போனால் பாப்பா யாரிடம் இருக்கும்? வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றாள் மாமியார். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "குழந்தை தூங்கிட்டிருந்தா. கடைக்குப் போகும்போது சாத்திட்டுப் போனேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்தே கால் இருக்கும்."

மாமியார் கடைக்குக் கிளம்பியது ஒன்பதரைக்கு. அப்போது ஷெட்டைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்து கொக்கியை எடுத்தவளும் அவள்தான். வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று மாமியாருக்குத் தெரியும்.

"அம்மா, நீயா?" என்றான் கணவன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தெரியாம நடந்ததுன்னுதான் எழுதறேன்" என்று போலீஸ்காரர் எழுந்தார். "ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டு உடம்பை வாங்கிக்கங்க."

அவர் போனதும் மருமகள் அருகில் போனாள். "அத்தை, நான்..."

"குழந்தைக்கு ஸ்வெட்டர் போடு. வெளியில குளிரும்."

ஆஸ்பத்திரிக்குக் கணவன் அதே காரை ஓட்டினான். பெண்கள் இருவரும் பாப்பாவோடு பின்னால் உட்கார்ந்தார்கள். அவன் கண்ணாடியில்கூடத் தாயைப் பார்க்கவில்லை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மருமகளின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாப்பாவின் ஸ்வெட்டரை இழுத்துவிட்டாள். ஹீட்டரிலிருந்து இதமான சூடு நிற்காமல் வந்தது; சிக்னலில் நின்றபோதும் வந்தது. பாப்பா இருமாமல் தூங்கிப்போனாள்.

மாமியார் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மருமகளின் கையைத் தொட்டாள். "உன் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கும்மா."

"பாப்பாவுக்குக் குளிருமே, அத்தை."

மாமியார் தன் சால்வையை எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தினாள். மருமகள் கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி இரண்டு விரல் இறங்கியது.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் மாமியார்.