கறுப்பையாவின் முப்பத்திரண்டு பற்கள்

கண்டி அரசாங்கக் கச்சேரி வாசலில் மனு, அதாவது பெட்டிசம், எழுதிப் பிழைக்கிறவர்கள் அந்தக் காலத்தில் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவரும் எழுதுகிறவர்கள். நான் காரியத்தை முடிக்கிறவன். தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வேறு யாரும் சொல்வதில்லை, அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலிருந்து வந்து இந்த ஊரில் கிடந்து உழலுகிற நம் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் சரி, கால் முறிந்தாலும் சரி, முதலில் இந்த லெட்சுமணனைத்தான் தேடுவார்கள். டாக்டர் அப்புறம்தான். மருந்து கொடுக்க ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அதன் வாசலில் ஒரு மேசை இருக்கிறது, மேசைக்குப் பின்னால் ஒரு கிளாக்கர் இருக்கிறார். அவரைத் தாண்டி ஆளைக் கொண்டுபோக ஒருவன் வேண்டும். என் தோளில் எப்போதும் ஒரு துணிப்பை தொங்கும். நம் ஆட்களின் கடதாசிகள் எல்லாம் அதற்குள் இருக்கும். தோட்டத்து லய வீட்டில் வைத்தால் கரையான் தின்னும், கடையில் வைத்தால் எண்ணெய் படும் என்று என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். எந்த மேசைக்கு முன்னால் போனாலும், அவர்கள் கேட்பதற்கு முன்னே கடதாசியை எடுத்து நீட்டிவிட வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைதான் மூக்கையாவைக் கொல்லப் பார்த்தது.

மூக்கையா என் ஊர்க்காரன். கொழும்பு வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரனாக இருந்தான். இருபத்தொன்பது வயது, பனங்கட்டை மாதிரி உடம்பு, இரண்டு காதையும் எட்டிப் பார்க்கிற மீசை. 1932ஆம் வருஷம் ஒரு புதன்கிழமை காலையில் சோற்று அண்டாவைத் தூக்கியவன் அப்படியே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குடல் இறங்கிவிட்டது. அவன் மனைவி அழகம்மா, ஆறு மாதக் கர்ப்பிணி, அழுதுகொண்டே கச்சேரி வாசலுக்கு வந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்த பெட்டிசத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். இருவரையும் ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மேசையில் இருந்த கிளாக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். பெரிய பதிவுப் புத்தகம் ஒன்றில் மூக்கை நுழைத்துக்கொண்டு எழுதுவார். வருகிறவன் மனிதனா மாடா என்றுகூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். நான் வழக்கம்போலப் பைக்குள் கையை விட்டேன்.

"கடதாசி ஒண்டும் வேண்டாம். பேரும் வயசும் சொன்னாக் காணும்" என்றார் அவர்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் கடதாசி வேண்டாம் என்று சொல்கிற ஒரு மேசையை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. எனக்கு அது அவமானமாகப் பட்டது. உருவிய கடதாசியை அவர் மூக்குக்கும் புத்தகத்துக்கும் நடுவில் செருகினேன். அவரும் பெருமூச்சு விட்டபடி அதைப் பார்த்து எழுதினார்: கறுப்பையா, வயது அறுபத்து நான்கு.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் நாங்கள் பத்துப் பேர் ஒரே கூட்டமாக இலங்கைக்குப் புறப்பட்டோம். பத்தாவது ஆள் மூக்கையாவின் தாய்மாமன் கறுப்பையா. ஆட்களைப் பதிந்து கப்பலேற்றும் மண்டபம் முகாமின் வாசல்வரை வந்த மனிதர் கடலின் இரைச்சலைக் கேட்டதும், வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லி ஒதுங்கினார். திரும்பவே இல்லை. அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விட்டாராம். மாமனின் மூட்டையைச் சுமந்துகொண்டு வழியனுப்ப வந்த மூக்கையா, தலையில் மூட்டையோடு விழித்துக்கொண்டு நின்றான். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். "கறுப்பையா, ஐம்பத்தாறு!" நான்தான் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். பட்டியலில் பத்துப் பெயர் இருந்தது, வரிசையில் பத்துத் தலை இருந்தது. எண்ணுகிறவருக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து மூக்கையா வீட்டில் மூக்கையா, ஆபீசுகளில் கறுப்பையா. இப்படிப் பெயர் மாறி வந்தவன் நம் ஆட்களில் அவன் ஒருவன்தான் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பிடிபட்டால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம்.

கட்டிலில் படுத்த கொஞ்ச நேரத்தில் இறங்கிய குடல் தானாகவே உள்ளே போய்விட்டது. மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர். அந்த நல்ல மனசுதான் எங்களுக்கு வினையாக வந்தது. கட்டிலில் தொங்கிய சீட்டைப் பார்த்தார், மூக்கையாவைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களை எண்ணினார். முப்பத்திரண்டு. தாதியைக் கூப்பிட்டு அவரையும் எண்ணச் சொன்னார். அவருக்கும் முப்பத்திரண்டுதான் வந்தது. தலைமுடியைப் பிரித்துப் பிரித்து ஒரு நரையாவது தேடினார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். மூக்கையா கொக்கு மாதிரி நின்றான்.

அறுபத்து நான்கு வயதில் இப்படி ஓர் உடம்பைத் தான் கண்டதே இல்லை என்றும், இதைப் பற்றி மருத்துவச் சஞ்சிகைக்கு எழுதப்போவதாகவும் டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். பழைய சோறும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் என்றேன். எழுதிக்கொண்டார். அப்போதுதான் அழகம்மா கட்டிலருகே வந்து நின்றாள். இது மகளா என்று கேட்டார். மனைவி என்றேன். அவள் வயிற்றைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய சோற்றுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னது வேடிக்கையில்லை. இளம் வயதாக இருந்தால் நாளைக்கே வெட்டித் தைத்துவிடுவாராம். இந்த வயதில் மயக்க மருந்தை இருதயம் தாங்காதாம். இடுப்புக்கு ஒரு பட்டி கட்டி அனுப்பிவிடுகிறேன், பாரம் தூக்கக் கூடாது என்றார். மறுபடியும் குடல் இறங்கி உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு நாளுக்குள் உயிர் போய்விடும் என்றார். பாரம் தூக்காத சமையல்காரன் எந்தக் கடையில் இருக்கிறான்?

இருதயம் பலமானது என்று காட்டிவிட்டால் டாக்டர் மனம் மாறுவார் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். கிழவனாகவே நடி, ஆனால் தெம்பான கிழவனாக நடி என்று மூக்கையாவிடம் சொல்லிவைத்தேன். அந்தப் பாவி தேவைக்கு மேலேயே நடித்தான். அடுத்த கட்டில்காரர்களுக்குத் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவன் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன் நடந்த பஞ்சம் அது. புளியங்கொட்டையை அவித்துத் தின்றதையும், தன் தம்பி பசியில் செத்ததையும் அவன் சொல்லச் சொல்ல அந்த வார்டே மூக்கைச் சிந்தியது. அவனுக்குத் தம்பியே கிடையாது. நோயாளிகள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், அவன் தலையில் கை வைத்து நல்லா இருங்க என்றான். அம்பிட்டியவிலிருந்து ஓர் அம்மாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆசீர்வாதம் வாங்கிப் போனாள்.

இதையெல்லாம் கேள்விப்பட்ட டாக்டர் மனம் மாறவில்லை, இன்னும் இறுகிவிட்டார். இப்படி ஓர் அபூர்வ மனிதரை மேசையில் கிடத்திச் சாகவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்றார். சனிக்கிழமை காலை, இடுப்பில் பட்டியும் கையில் இரண்டு முட்டையுமாக மூக்கையாவை வெளியே அனுப்பினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மூக்கையா மேல் பாதி, என் மேல் மீதி. குளத்தங்கரை வழியாக மூவரும் நடந்தோம். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அழகம்மா கேட்டாள். சொன்னால் கப்பல், சொல்லாவிட்டால் அண்டா என்றேன். மூக்கையாவோ பழக்கதோஷத்தில் எதிரே வந்த ஒருவருக்குக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தான். தூக்கிய கை இறங்குவதற்குள் முகம் வெளுத்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான். குடல் மறுபடியும் இறங்கிவிட்டது. இந்த முறை அமுக்கினாலும் உள்ளே போகவில்லை.

பத்தடி தூரத்தில் ஹபீல் நானாவின் கடை இருந்தது. அலவத்துகொட ஊர் முஸ்லிம், சீப்பும் சவர்க்காரமும் சவரக்கத்தியும் விற்பவர், எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதர். மூக்கையாவைக் கடைக்குள் தூக்கிக் கிடத்தினோம். நான் அழாத குறையாகக் கதை முழுவதையும் கொட்டினேன். ஹபீல் நானா தாடியைத் தடவியபடி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கெழவன் வெளிய வந்தாச்சு தானே" என்றார். "இனி வாலிபன் உள்ளுக்குப் போகட்டும்."

எனக்கு விளங்கவில்லை. அவரோ கண்ணாடி அலுமாரியைத் திறந்து புதுச் சவரக்கத்தி ஒன்றை எடுத்தார். அதைப் பார்த்ததும்தான் மூக்கையாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. உயிர் போகிற வலியில் கிடந்தவன் இரண்டு கையாலும் மீசையை மூடிக்கொண்டான். நான் ஒரு கையைப் பிடித்தேன், அழகம்மா மற்றக் கையைப் பிடித்தாள். எட்டு வருஷ மீசை எட்டு இழுப்பில் கீழே விழுந்தது. மூன்று நாள் தாடியும் போனது. முகம் இருபத்தொன்பதுகூட இல்லை, இருபத்திரண்டு என்று சொல்லலாம்.

புறப்படும்போது ஹபீல் நானா என் தோளிலிருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இது இங்கயே ஈக்கட்டும் தம்பி. பேர் கேட்டா பேர மட்டும் செல்லுங்க."

பையில்லாமல் நான் ஒரு மேசைக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. கிளாக்கர் வழக்கம்போல நிமிராமல் பெயரைக் கேட்டார். என் கையோ இல்லாத பையைத் துழாவிக்கொண்டிருந்தது. ரிக்ஷாக்காரன் தோளில் தொங்கிக்கொண்டிருந்த மூக்கையா, மேசையைக் கண்ட பழக்கத்தில், "கறு..." என்று தொடங்கிவிட்டான்.

அழகம்மா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்புகிறவள் அவள். மூக்குத்தி வாங்கப் போனால்கூட முகத்தில் போடுகிறது என்றுதான் கேட்பாள்.

"மூக்கையா" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "என் வீட்டுக்காரரு. வயசு இருபத்தொம்போது."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிளாக்கர் எழுதிக்கொண்டார். கடதாசியைப் பற்றி மூச்சுவிடவில்லை. எட்டு வருஷமாக நான் காவல் காத்த கடதாசி அந்த மேசைக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

இந்த முறை போட்டது வேறு வார்டு. ஆனால் வந்தது அதே டாக்டர். கிழவரின் மனைவி என்று அவர் பார்த்திருந்த அழகம்மாவை நான் வெளியிலேயே நிறுத்திவிட்டேன். மூக்கையாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். நான் முந்திக்கொண்டு, அந்தப் பெரியவரின் மகன் என்றேன். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். எண்ணினார். முப்பத்திரண்டு. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே மூக்கு, ஒரே பல், ஒரே பக்கத்தில் குடலிறக்கம் என்று அவர் குதூகலித்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பரம்பரை, பரம்பரை என்று இரண்டு தடவை சொன்னார். உடனே அறுக்க வேண்டும், இளம் இருதயம், பயமில்லை என்றும் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்கத்தானே இவ்வளவு கூத்தும்.

தள்ளுவண்டியில் ஏற்றியபோது மூக்கையா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நான் உள்ளயே செத்துப்போயிட்டா சீட்டுல யாரு பேரு இருக்கும்?"

"உன் பேருதாண்டா. மூக்கையா."

"அப்பச் சரி" என்று வேட்டியை விட்டுவிட்டான்.

கதவு மூடியதும் நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மண்டபத்தில் அவன் முதுகில் வைத்த என் கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே வெளியே வந்தார். அவர் முதலில் கேட்டது, அப்பாவை எப்போது அழைத்து வருவாய், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான். பெரியவர் இந்தியாவில் இருக்கிறார் என்றேன். அந்த வாரம் முழுவதும் நான் சொன்னதில் அது ஒன்றுதான் சத்தியமான உண்மை. டாக்டருக்கு உண்மையிலேயே மனவருத்தம். கிழவருக்கு அனுப்பச் சொல்லி ஒரு போத்தல் டானிக் கொடுத்தார். அதை மூக்கையாதான் குடித்துத் தீர்த்தான்.

மூன்று வாரம் கழித்து அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேசைக்கு முன்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். ஹபீல் நானாவும் வந்திருந்தார். கிளாக்கர் புத்தகத்தைப் பார்த்து, மூக்கையா என்று கூப்பிட்டார். மூக்கையா அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். இவன் திரும்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். அதற்குள் அழகம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மூக்கையா, ஒங்களத்தான்" என்றாள். கூடமே சிரித்தது. அவன் எழுந்து இரண்டடி நடந்தான். பிறகு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எட்டு வருசத்துல ஆபீசுல என்னயக் கூப்புட்டது இன்னிக்குத்தாண்ணே" என்றான்.

கிளாக்கர் வெளியேறும் சீட்டில் அவன் பெயரை எழுதி நீட்டினார். வேறு ஏதாவது கடதாசி வேண்டுமா என்று கேட்க எனக்கு வாய் வந்தது. ஹபீல் நானா என் காலை ஓங்கி மிதித்தார்.