முப்பத்தெட்டுப் பல்

கோர்ட் எனக்குக் கொடுத்தது மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். மற்ற நாட்களில் மகள் வர்ஷினியை அவளுடைய ஸ்கூல் பஸ் ஜன்னலில்தான் பார்த்தேன். பள்ளி வாசலில் நிற்கக் கூடாது என்று காகிதத்தில் இருந்தது. ரோட்டில் வண்டி ஓட்டக் கூடாது என்று எவனும் எழுதவில்லை.

அவளும் அவள் அம்மா நீரஜாவும் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்தவரை சிரமமில்லை. அடையாறு பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு சிக்னல். பச்சை விழுந்ததும் பஸ்ஸோடு சேர்ந்து கிளம்பினால் போதும். அதற்காகவே மெக்கானிக் அக்பர் பாஷா என் நூறு சிசி வண்டியின் பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற ஸ்ப்ராக்கெட்டை நாற்பத்தைந்து பல்லாகப் போட்டுக் கொடுத்தார். பல் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். முறுக்கியதும் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும். டிரைவர் பக்கத்து ஜன்னலில் வர்ஷினி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திச் சப்பையாக்கிக் காட்டுவாள். அன்றைய பொழுதுக்கு எனக்கு அது போதும்.

தொண்ணூற்றெட்டில் நீரஜா கொட்டிவாக்கத்துக்குக் குடிபோனாள். அங்கிருந்து திருவான்மியூர் வரை நேர் ரோடு. பஸ் எழுபதில் பறக்கும். என் வண்டி அறுபதிலேயே அலறும், அதற்குமேல் முள் நகராது. இரண்டு மாதம் அந்த பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தேன். மைலாப்பூரிலிருந்து விடிந்ததும் கிளம்பிப் போய், பஸ் புகையைக் குடித்துவிட்டு ஆபீஸ் வருகிற பைத்தியம் ஊரில் நான் ஒருவன்தான். சாயங்காலம் வீட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அவளுடைய ஒன்பதாவது பிறந்த நாள். அன்று மட்டும் யூனிபார்ம் கிடையாது, கலர் டிரஸ். அதைப் பார்த்தே தீருவது என்று முதல் நாள் பாஷாவிடம் போனேன்.

"முப்பத்தெட்டு போடறேன் சார். எம்பது அசால்ட்டா போவும். ஆனா பிக்கப் செத்துடும். கெளம்பசொல்ல முக்கும், அப்பால என்னைத் திட்டக் கூடாது."

"ரெண்டும் வேணும்னா?"

"ரெண்டும் எவனுக்கு சார் கெடைச்சுகீது?" என்று ஸ்பானரை எடுத்தார்.

வியாழக்கிழமை பஸ் கிளம்பியது. முறுக்கினேன், வண்டி முனகியது. அதற்குள் நாலு மணல் லாரி நடுவில் புகுந்து பஸ்ஸை மறைத்துவிட்டது. அரை கிலோமீட்டர் கழித்துத்தான் வேகம் பிடித்தது. அறுபது, எழுபது, எண்பது. டேங்க்கின் மேல் படுத்துக்கொண்டு லாரிகளைத் தாண்டினேன். இடது ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்த ஏதோ ஒரு பஸ்ஸையும் திரும்பிப் பார்க்காமல் தாண்டினேன். திருவான்மியூர் வந்துவிட்டது, அவள் பஸ்ஸைக் காணோம். எனக்கு முன்னாலேயே போய்விட்டது என்று நினைத்து, பாஷாவை வாயார வைதுகொண்டே ஆபீசுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை நாகேஸ்வர ராவ் பூங்காவில் சந்தித்தோம். நீரஜா தூரத்துப் பெஞ்சில் வாட்ச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வர்ஷினி என்னோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எனக்கென்று எடுத்து வைத்திருந்த சாக்லெட்டைக் கொடுத்தாள்.

"ஏம்ப்பா அன்னிக்கு நிக்காமப் போயிட்டே?"

"என்னிக்கு?"

"என் பொறந்த நாளைக்கு. டிரைவர் மாமா என்ன வேணும்னு கேட்டார். எங்கப்பா பைக்ல வருவா, மெதுவா ஓட்டுங்கோன்னேன். இன்னிக்கு ஒரு நாள்தான்னுட்டு, ஓரமா முப்பதுலயே ஓட்டிண்டு வந்தார். நீ சர்ருனு போயிட்டே. நான் எவ்ளோ கத்தினேன் தெரியுமா?"

நான் தாண்டிய பஸ் அதுதான்.

"என் டிரஸ்ஸாவது பாத்தியோ?"

"பாத்தேனே!" என்றேன் அவசரமாக. "ரோஸ் கலர். ரொம்ப நன்னா இருந்தது."

வர்ஷினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமாம்ப்பா, ரோஸ்தான்," என்றாள்.

இரண்டு மணி நேரம் முடிந்தது. நீரஜா வந்து நின்றாள். "பொறந்த நாள் பாவாடையோட மண்ணுல உக்காராதேன்னு எத்தனை தரம் சொல்றது?"

வர்ஷினி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மஞ்சள் பாவாடை. என் முகத்தைப் பார்க்காமலே கையை அசைத்துவிட்டு அம்மாவோடு போனாள்.